அடிபட்டவை மட்டும்

துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வித்தை ரத்தத்திலேயே ஊறியிருக்கும். உள்ளே நுழைந்தவர் வெறுங்கையோடு வெளியே போகக்கூடாது. ஒரு கைக்குட்டையையாவது தலையில் கட்டித்தான் படியிறக்க வேண்டும். தரகர் அந்த வித்தையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

தரகர் என்பது காப்பகத்தில் வைத்த பெயர். விலங்குக் காப்பகத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. வருகிறவர்கள் கையில் ஏதாவது இருக்கும். கயிற்றில் நாய், பையில் பூனை, கூண்டோடு கிளி. ஒருமுறை ஒரு அம்மாள் பழக்கூடையில் ஆமையைக் கொண்டுவந்து வைத்தாள். கொண்டுவந்ததை அவர்கள் கையிலேயே திரும்பக் கொடுத்து, முகம் கோணாமல் வழியனுப்பி வைக்க வேண்டும். கடையில் சரக்கைத் தள்ளிவிடுகிறவன் கெட்டிக்காரன். இங்கே சரக்கை வாங்காதவன் கெட்டிக்காரன்.

உள்ளே இடமில்லை என்பது ஒப்புக்குச் சொல்கிற பேச்சல்ல. ஒரு நாய்க்கான கூண்டில் இரண்டு இருந்தன, இரண்டுக்கானதில் சண்டை இருந்தது. ஊழியர்களின் குளியலறையில் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டதால் எல்லாரும் கைகால் கழுவத் தோட்டக் குழாய்க்குப் போனார்கள். மேலாளரின் மேசைக்கடியில் கண் தெரியாத கிழ நாய் ஒன்று குடியிருந்தது. யாராவது நன்கொடை தர வந்தால் அவர்கள் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிவிடும். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் அந்த இடத்தின் வாசனை மட்டும் ஊழியர்களோடு பஸ் ஏறி அவரவர் வீடு வரை போய் வந்தது. காலையில் கேட்டைத் திறந்தால் வெளிக்கம்பியில் யாராவது எதையாவது கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். போனை எடுத்தால், "நாயை எடுக்க மாட்டீங்கன்னா எதுக்குய்யா காப்பகம்னு பேரு?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் திட்டும்.

அதனால் ஒரு விதி வந்தது. நல்ல நிலையில் இருக்கிற வளர்ப்பு விலங்குகளை எடுப்பதில்லை; அடிபட்டவை, நோய்ப்பட்டவை மட்டும் உள்ளே. விதி போட்டவர் மேலாளர். அதை மனிதர்களிடம் விற்க வேண்டியவர் தரகர்.

அவர் விற்கிற விதமே தனி. முதலில் நாயின் பெயரைக் கேட்பார். பெயரைச் சொல்லும்போதே வந்தவரின் குரல் பாதி இறங்கிவிடும். அடுத்து நாயைப் புகழ்வார். "என்ன கண்ணு, என்ன மினுமினுப்பு, ராஜா மாதிரி வளர்த்திருக்கீங்களே" என்று கழுத்தைத் தடவிக் கொடுப்பார். வந்தவர் குளிர்ந்துபோய் நிற்கும்போது கடைசிச் சீட்டைப் போடுவார்: "அடிபட்டிருந்தா நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியாதுங்க, கதவு தானா திறக்கும். இதுக்கு என்ன குறைச்சல்? நல்லா இருக்கே!" மறுப்பையே பாராட்டு மாதிரி பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். பத்தில் எட்டுப் பேர் நாயோடு திரும்பிப் போனார்கள். சிலர் நன்றிகூடச் சொன்னார்கள்.

அந்தக் கடைசி வரியில் அவருக்கு ஒரு பெருமை. கூண்டு கழுவுகிற கூண்டம்மா தண்ணீர்க் குழாயோடு அந்தப் பக்கம் வந்தால், அவள் காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

அன்று காலையில் காரிலிருந்து இறங்கியது அத்தான், அவருடைய அக்காவின் கணவர். அப்பா காலமான பிறகு கடைக் கல்லாவில் போய் உட்கார்ந்தவர் இந்த அத்தான்தான். பங்கு பிரித்தபோது கடை அவர் பக்கம் போனது. தரகருக்கு வாய் மட்டும் மிஞ்சியது. சண்டை என்று ஒன்றும் இல்லை. கல்யாணம் காட்சியில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பின்சீட்டில் பட்டாணி உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறப் பெட்டை நாய். குட்டியாக வந்தபோது தரையில் உருண்டுகொண்டே திரிந்ததால் அக்கா வைத்த பெயர் அது. தரகரைக் கண்டதும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வாலால் சீட்டை அடித்தது.

"வா மச்சான், உன் மருமகளை இறக்கு" என்றார் அத்தான். "நாளைக்கு வீடு மாத்துறோம். புது வீட்டுக்காரன் நாய்ன்னா ஆகாதுங்கிறான். அக்கா போன் பண்ணாளா?"

"பண்ணா. நான் முடியாதுன்னு சொன்னேனே அத்தான்."

"போன்ல முடியாதும்பே. நேர்ல வந்தா முடியும். எனக்குத் தெரியாதா உன்னை?"

"இடமே இல்ல அத்தான். உள்ள வந்து பாருங்க."

"ஒரு நாய்க்கு இடம் இல்லையா? நீ இங்க என்னவோ பெரிய ஆள்னு உங்கக்கா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறா."

கூண்டம்மா குழாயைத் தரையில் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். காருக்குப் பின்னால் வரிசையில் வேறு இரண்டு பேர், கையில் பூனைப் பையோடு. சொந்தக்காரனுக்கு மட்டும் கதவு திறக்குமா என்று எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. தரகருக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் அத்தான் அவரிடம் வந்து எதையாவது கேட்டு நிற்பது இதுதான் முதல் தடவை. ஆற அமர அனுபவிக்க வேண்டிய வியாபாரம் இது.

காரருகே போய்ப் பட்டாணியின் தாடையைச் சொறிந்தார். "என்ன மினுமினுப்பு! அக்கா கைச் சோறு பேசுது. அத்தான், விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அடிபட்டிருந்தா நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியாது. இதுக்கு என்ன குறைச்சல்? நல்லா இருக்கே!"

"அடிபட்டது மட்டும்தான் எடுப்பியா?"

"அது மட்டும்தான்."

அத்தான் வியாபாரி. எந்தச் சரக்கானாலும் அளவு கேட்காமல் போனதில்லை. "எவ்வளவு பட்டிருக்கணும்?" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தரகரும் சிரித்தார். கையில் வந்த பந்தை அடிக்காமல் விடுவதா? "நடக்க முடியாம இருந்தா போதும் அத்தான். ராஜ மரியாதைதான், டாக்டரம்மாவே தூக்கிட்டுப் போவாங்க" என்றார்.

கூண்டம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். பட்டாணி பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனது.

"அத்தானையே மூக்கறுத்து அனுப்பிட்டீங்களே சார்" என்றாள் கூண்டம்மா. "நீங்க நம்மகிட்ட இருக்க வேண்டிய ஆளே இல்ல."

தரகர் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

கேட்டை மூடப்போகிற நேரத்தில் அதே கார் வந்து நின்றது. அத்தான் இறங்கி, பின்கதவைத் திறந்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். விரிப்புக்கு வெளியே பட்டாணியின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்து வேகவேகமாக மூச்சு வாங்கியது. மேசை மேல் வைத்தபோது விரிப்பு விலகியது. வலது முன்னங்கால், முழங்காலுக்குக் கீழே, இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"சாமான் இறக்கும்போது படியில தவறி விழுந்துடுச்சு" என்றார் அத்தான். பிறகு, ரசீது வாங்க வந்தவர் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்: "நடக்க முடியல."

தரகர் அத்தானின் கண்ணைப் பார்த்தார். அதில் குற்றமும் இல்லை, கோபமும் இல்லை. சொன்ன அளவுக்குச் சரக்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, எடுக்கிறாயா இல்லையா என்று காத்திருக்கிற பார்வை.

சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. அத்தான் ரோஷக்காரர். விரிப்போடு தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார், இந்தக் காலோடு இந்த நாய் வழியில் எங்கேயாவது இறங்கும். எதிராளி கையில் துருப்பு இருக்கும்போது குரலை உயர்த்தக்கூடாது என்று அப்பா கடையில் சொல்லிக் கொடுத்தது கைகொடுத்தது. கொடுத்திருக்க வேண்டாம்.

"சரி அத்தான். நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

"அப்ப வரேன். லாரிக்காரன் காத்திருக்கான்."

பட்டாணி தரகரின் மணிக்கட்டை நக்கியது. இது ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்பது போல நக்கியது.

டாக்டரம்மா அப்போதுதான் ஒரு அறுவைச் சிகிச்சையை முடித்துவிட்டு மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை புதுக்கீறலும் பழங்கீறலும். சொந்தமாக மருத்துவமனை வைத்த கூடப்படித்தவர்களின் கார்களைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சமீப காலமாகச் சிரிக்காமல் சொன்னாள். காலைத் தடவிப் பார்த்தாள். ஊசி போட்டாள். படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யார் கொண்டுவந்தது?"

"வழியில போனவர் யாரோ. ரோட்டோரம் கிடந்ததாம்."

வாளியோடு வந்த கூண்டம்மா நின்றாள். "ஏன் சார், இது காலையில வந்த..."

"இல்ல" என்றார் தரகர். "அது வேற. இது வேற."

கூண்டம்மா நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"விழுந்தா இப்படி உடையாது" என்றாள் டாக்டரம்மா. "வண்டி அடிச்சா தோல் கிழியும், இடுப்பு போகும். இது ஒரே இடத்துல, ஒரே அடி. காலைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அடிச்சது. இந்த மாதிரி இப்ப நிறைய வருது. எல்லாம் சோறு தின்னு வளர்ந்த நாய். எல்லாத்துக்கும் முன்னங்கால். எனக்கு என்ன புரியலைன்னா, அடிச்சவன் அடிச்சுட்டு ஏன் நம்மகிட்டயே தூக்கிட்டு வரான்?"

காலையில் தரகர் திருப்பி அனுப்ப, மறுநாளோ அடுத்த வாரமோ நாயை விரிப்பிலும் அட்டைப்பெட்டியிலும் வைத்துத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. ஐயோ பாவம் என்று அப்போது அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார். ஒரு பெரியவர் அழுதுகொண்டே வந்திருந்தார். விபத்தென்று நினைத்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்திருந்தார்.

வெளியே குழாயடிக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தார். பின்னணியில் சாமான் இழுக்கிற சத்தம் கேட்டது.

"சேர்த்துக்கிட்டியாடா?" என்றாள் அக்கா எடுத்தவுடனே.

"அக்கா, அத்தான் என்ன பண்ணார்னு உனக்குத் தெரியுமா?"

அக்கா யாரிடமோ "அந்தப் பீரோவைச் சாய்க்காதீங்க" என்றாள். கதவு சாத்துகிற சத்தம். பிறகு, "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா விட்டே?"

"அவர் ஒருத்தரால முடியுமா? அவர்கிட்ட அது நிக்குமா? நான்தான்டா மடியில போட்டுப் பிடிச்சுக்கிட்டேன்."

தரகர் குழாய்த் திட்டில் உட்கார்ந்துவிட்டார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நூறு நாய்கள் சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டு ஒரே குரலில் குரைத்தன.

"என்னைக் கொலைகாரி மாதிரி நினைக்காதே" என்றாள் அக்கா. குரல் உடைந்து, பிறகு அவள் அதை ஒட்டவைத்துக்கொண்டாள். "நாளைக்கு இந்த வீட்டைப் பூட்டணும். ரோட்டுல விட்டுடலாம்னார் அவர். ரோடுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது, ஒரு நாள் தாங்காது. கால் போனா கூடும்டா. உயிர் போனா வருமா? நான் எத்தனை பேரைக் கேட்டேன் தெரியுமா, யாரும் வேண்டாம்னாங்க. நீயும் வேண்டாம்னே. கடைசில நீதானே வழி சொன்னே?"

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன் அக்கா."

"எங்களுக்கு விளையாட நேரமில்லடா."

அவள் சொன்ன கணக்கில் ஓட்டை எங்கே என்று தேடிப் பார்த்தார். எதையும் பேசி மடக்குகிறவருக்கு அன்று ஒரு நூல் கூட அகப்படவில்லை.

மறுநாள் மேலாளரின் அறையில் கூட்டம். மேசைக்கடியில் கிழ நாய் குறட்டை விட்டது. மேலாளர் நல்ல மனிதர். யாரிடமும் கடிந்து பேச மாட்டார், யார் சொல்வதையும் முழுதாகக் கேட்கவும் மாட்டார். வாசலில் வரிசை ரோடு வரை போகிறது, அக்கம்பக்கத்தில் புகார், ஒவ்வொருவரோடும் தரகர் பேசித் தீர்க்க நேரமாகிறது என்றார். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய பலகையைத் திருப்பினார். வெள்ளையில் சிவப்பெழுத்து: "அடிபட்ட விலங்குகள் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்."

"உங்க வரிதான் சார்" என்றார் தரகரிடம், பரிசு கொடுக்கிற முகத்தோடு. "என்ன அருமையா வேலை செய்யுது பாருங்க. நோய் நொடின்னு எழுதினா ஆளாளுக்குச் சொறியைக் காட்டிட்டு வருவாங்க, அதனால அதை எடுத்துட்டேன்."

"இது வேண்டாம் சார்" என்றார் தரகர்.

"ஏன்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா முந்திக்கொண்டாள். "நான் சொல்றேன். வெளியே இதைக் கேட்டுட்டுப் போறவங்க வீட்டுல போய்க் காலை உடைச்சுட்டு வராங்க. எனக்குச் சந்தேகமே இல்ல. இதைப் பலகையில வேற எழுதி மாட்டினா, நாமளே சுத்தியலை எடுத்துக் கையில கொடுத்த மாதிரி."

"டாக்டர், டாக்டர்" என்றார் மேலாளர். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த நாயை யாராவது அப்படிப் பண்ணுவாங்களா? மனுஷங்களைப் பத்தி இவ்வளவு மோசமா நினைச்சா நம்ம வேலையே செய்ய முடியாது. உங்களுக்கு ஒரு வாரம் லீவு வேணும்."

"லீவு வேண்டாம். பலகை வேண்டாம்."

"சரி, ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. இவன் இப்படிப் பண்ணான்னு. போலீஸ்ல கொடுத்துடுவோம். பலகையை நானே அடுப்புல வைக்கிறேன். விதியையே மாத்திடலாம். ஒரு ஆள் போதும் எனக்கு."

டாக்டரம்மா தரகரைப் பார்த்தாள். "சார், வாசல்ல நீங்கதானே இருக்கீங்க. யாரையாவது ஞாபகம் இருக்கா? நேத்து வந்த அந்தப் பழுப்பு நாய்? கொண்டுவந்தவன் முகம்?"

அறைவாசலில் கூண்டம்மா டீத் தட்டோடு நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள்.

ஒரு ஆள் போதும். ஒரு ஆள் அல்ல, இரண்டு பேர் அவர் கையில் இருந்தார்கள். ஒருவரைக் கொடுப்பதில் அவருக்கு ஒன்றும் கஷ்டமில்லை, சந்தோஷமாகவே கொடுத்திருப்பார். ஆனால் அந்த ஒருவர் போலீஸிடம் முதல் கேள்விக்கே, "நாயைப் பிடிச்சுக்கிட்டது யாருன்னு கேளுங்க" என்பார். அக்கா இல்லை என்று சொல்ல மாட்டாள். அவள் பொய் சொல்லத் தெரியாமலேயே ஒரு துணிக்கடையில் முடி நரைத்தவள்.

எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பிய நாக்கு டாக்டரம்மாவையும் திருப்பி அனுப்பியது.

"ஞாபகம் இல்லங்க" என்றார்.

"நல்லா யோசிங்க சார்."

"கூட்டம். முகமெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு?"

டாக்டரம்மா எழுந்து போய்விட்டாள். அவளுக்கு வேலை இருந்தது. கூண்டம்மா டீயை மேலாளருக்கு வைத்தாள், தரகருக்கு வைக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "பாருங்க, நம்ம ஊழியர்கள் எவ்வளவு மன அழுத்தத்துல இருக்காங்க" என்றார் மேலாளர். "வாங்க, பலகையை மாட்டிடுவோம்."

மேலாளருக்கு ஏணியில் ஏற பயம். தரகர்தான் ஏறினார். ஆணியடிக்கும்போது சுத்தியல் ஒருமுறை விரலில் பட்டது. சத்தம் போடாமல் மென்று விழுங்கினார். இறங்கிப் பார்த்தார். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே படிக்கும்படி, எழுத்துகள் நன்றாகத்தான் விழுந்திருந்தன.

பட்டாணிக்கு மதியம் கட்டுப் போட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிடும் என்று டாக்டரம்மா கூண்டம்மாவிடம் சொன்னாள்; அவரிடம் சொல்லவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் ஒரு மனிதர் வந்தார். கண்ணாடி போட்டவர், இஸ்திரி கலையாத சட்டை. கயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு இளம் நாய். நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. மேசைக்கு வருவதற்கு முன்னால் அவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். உதடு அசையப் படித்தார். பிறகு குனிந்து நாயைப் பார்த்தார், சட்டைத் துணியின் நெசவைப் பார்க்கிற மாதிரி, நிதானமாக.

தரகர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏங்க, கொஞ்சம் இருங்க. அதுல எழுதியிருக்கிறது வந்து..."

எதைச் சொன்னாலும் அது இன்னொரு வழி சொல்லிக் கொடுத்ததாகிவிடும் போல இருந்தது. உள்ளே வாருங்கள் என்று சொல்ல இடமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

அந்த மனிதர் மரியாதையாகக் கையை உயர்த்தினார். "பரவாயில்ல சார். புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நாய்க்கு வந்த வழி ஞாபகம் இருந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடியது.